‘ஏரியா ரேட்’ என்பது யார் சொல்லும் விலை? கூடுவாஞ்சேரி ஃபிளாட், கோவை மனை: ஒரு கணக்கு

கேள்வி: தாம்பரத்தில் 14,000 ரூபாய் வாடகையில் இருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் கட்டி முடித்த புது ஃபிளாட் ஒன்று, 900 சதுர அடி, யுடிஎஸ் (நிலத்தில் என் பங்கு) 380 சதுர அடி, 58 லட்சம் சொல்கிறார்கள். “கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்த பிறகு இந்தப் பக்கம் வருஷத்துக்கு 15% ஏறுகிறது, 5 வருஷத்தில் விற்றால் இரட்டிப்பு” என்கிறார் புரோக்கர். வீட்டிலோ, சொந்த ஊரான கோவைப் பக்கம் கோவில்பாளையத்தில் 5 சென்ட் மனையை 40 லட்சத்துக்கு வாங்கிப் போடச் சொல்கிறார்கள். ஒரு பகுதியில் விலை உண்மையிலேயே ஏறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் காதில் விழும் ‘ஏரியா ரேட்’ பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலை. உங்களுக்கு வேண்டியது பேரம் முடிந்த விலை. இரண்டுக்கும் இடையில் பல லட்சம் வித்தியாசம் இருக்கலாம். முடிந்த விலையை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நீங்களே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

பத்திரிகைகளில் வரும் விலைக் குறியீடுகள் இதற்கு உதவாது. தேசிய வீட்டுவசதி வங்கியின் ‘ரெசிடெக்ஸ்’ சென்னை, கோவை இரண்டுக்கும் காலாண்டுதோறும் வருகிறது. ரிசர்வ் வங்கியும் ஒரு குறியீடு வெளியிடுகிறது. நகரம் முழுவதும் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க அவை நல்லவை. ஆனால் அண்ணா நகரும் கூடுவாஞ்சேரியும் அங்கே ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். ரிசர்வ் வங்கிக் குறியீட்டுக்கு அடிப்படை பத்திரப்பதிவில் காட்டிய தொகை. நம் ஊரில் அந்தத் தொகை வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கும் மதிப்பு) ஒட்டியே எழுதப்படுவது வழக்கம். அந்த மதிப்பை 2017 ஜூனில் அரசு 33% குறைத்தது, 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு ஏற்றியது, 2024 ஜூலையில் மறுபடி திருத்தியது. சந்தை அசையாமல் நின்றாலும் பதிவான விலை ஏறியதாகவோ இறங்கியதாகவோ தெரிய இதுவே போதும்.

ஆகவே நேரே வில்லங்கச் சான்றுக்கு (இசி, ஒரு சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) போங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இசியைப் பார்வையிடக் கட்டணம் இல்லை. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்துக் கடைசி 6 ஆண்டுகளுக்குத் தேடுங்கள். நீங்கள் வாங்கப்போகும் கட்டடத்தின் புல எண்ணோடு நிறுத்தாமல், அதே சாலையில் உள்ள இன்னும் நாலைந்து குடியிருப்புகளின் புல எண்களையும் போடுங்கள்.

ஒவ்வொரு கிரையப் பதிவின் கீழும் இரண்டு தொகைகள் இருக்கும்: ‘கைமாற்றுத் தொகை’ (பத்திரத்தில் எழுதிய விலை), ‘சந்தை மதிப்பு’. பலர் சறுக்குவது இங்கேதான். ‘சந்தை மதிப்பு’ என்று அச்சாகியிருப்பது சந்தையில் நடக்கும் விலை அல்ல, வழிகாட்டி மதிப்பை வைத்து வரும் கணக்கு. இரண்டு தொகையும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருந்தால், அந்தப் பத்திரம் வழிகாட்டி மதிப்புக்கே எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து விலை பற்றி எதுவும் தெரியாது, தள்ளிவிடுங்கள். கைமாற்றுத் தொகை கூடுதலாக இருக்கும் பதிவுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரையத்துக்கு அடுத்த வரியில் ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம்’ என்று ஒரு பதிவு இருக்கிறதா பாருங்கள். வாங்கியவர் வங்கியில் வீட்டுக் கடன் எடுத்ததன் தடம் அது, கடன் தொகையும் அதில் இருக்கும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80% தான் உச்சவரம்பு. 40 லட்சம் கடன் என்றால், வங்கி அந்த வீட்டைக் குறைந்தது 50 லட்சமாக மதித்திருக்கிறது என்று அர்த்தம். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சொன்ன விலை இது, புரோக்கர் வாய்மொழியைவிடப் பல மடங்கு நம்பத் தகுந்தது. இப்படி ஏழெட்டுப் பதிவு கிடைத்தால் போதும், அந்தத் தெருவின் உண்மை விலை புலப்பட ஆரம்பிக்கும்.

இன்னொரு பொறி. 2023 டிசம்பர் 1க்கு முன் புது ஃபிளாட்டை விற்ற பில்டர்கள் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்குக்கு மட்டும் கிரையம் எழுதி, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குப் பிறகே நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் ஒரே பத்திரம் வந்தது. 2021 இசியில் 12 லட்சம், 2024 இசியில் 55 லட்சம் என்று காட்டி “பாருங்கள், நாலு மடங்கு” என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். முதலாவது நிலப் பங்கு மட்டும், இரண்டாவது முழு வீடு. ஒப்பிட ஏற்றது, 2023க்கு முன்னும் பின்னும் நடந்த மறுவிற்பனைகள். சந்தேகம் இருந்தால் பத்திர நகலுக்கு விண்ணப்பித்துச் சொத்து விவரத்தைப் படியுங்கள். யுடிஎஸ் எவ்வளவு, கட்டடம் எத்தனை சதுர அடி, பணம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடவும் வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் வாங்குபவர்கள் குறைவு. ஆவணியிலும் தையிலும் சுபமுகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆவணியில் விற்பனை கூடிவிட்டது என்பது விலைப்போக்கு அல்ல, பஞ்சாங்கம். இந்த ஆவணியைப் போன ஆவணியோடு ஒப்பிடுங்கள். பேரம் பேசுவதற்கு ஆடி நல்ல மாதம்.

இப்போது அந்த 58 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஃபிளாட்டில் காலப்போக்கில் விலை ஏறுவது நிலம், தேய்வது கட்டடம். பக்கத்தில் காலி மனை சதுர அடி 3,500 என்று வைத்துக்கொண்டால் (நீங்கள் விசாரித்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்) 380 சதுர அடிக்கு 13.3 லட்சம். கட்டுமானம் சதுர அடி 2,500 வீதம் 22.5 லட்சம். இரண்டும் சேர்ந்து சுமார் 36 லட்சம். மிச்சம் 22 லட்சம் கார் பார்க்கிங், லிஃப்ட், பொது வசதிகள், பில்டரின் வட்டி, லாபம் எல்லாம் சேர்ந்தது. நிலம் ஆண்டுக்கு 10% ஏறினால்கூட 5 ஆண்டில் 13.3 லட்சம் 21.4 லட்சமாகும். ஏற்றம் 8 லட்சம்தான். ஃபிளாட் மொத்தமும் ஆண்டுக்கு 15% ஏறி 116 லட்சத்தைத் தொட வேண்டுமானால், தேயவேண்டிய கட்டடமும் சேர்ந்து இரட்டிப்பாக வேண்டும். அது நடக்காது.

900 சதுர அடி என்பதும் முழுக்க உங்கள் வீடு அல்ல. சுவர், படிக்கட்டு, லாபி எல்லாம் அதில் அடங்கும். ரெரா (வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவில் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு, எவ்வளவு என்று பாருங்கள். அது 650 என்றால், 6,444 ரூபாயாகத் தெரிந்த சதுர அடி விலை 8,923 ஆகிறது. இரண்டு ஃபிளாட்டை எப்போதும் கார்ப்பெட் ஏரியாவில் மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து 5 ஆண்டுக் கணக்கு. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4%, அதற்கு மேல் 3 கோடி வரை 5%. பதிவுக் கட்டணம் 2% தனி. உங்களுக்கு 7%, அதாவது 4.06 லட்சம். இதை வங்கி கடனில் சேர்க்காது. விலையில் 80%, அதாவது 46.4 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 40,270 ரூபாய். முதல் 5 ஆண்டில் கட்டும் 24 லட்சத்தில் 18.65 லட்சம் வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது ஐந்தரை லட்சம். வாடகை மிச்சம் 8.4 லட்சம். விலை ஆண்டுக்கு 5% ஏறி 74 லட்சத்துக்கு விற்றால் ஏற்றம் 16 லட்சம். அதில் பதிவுச் செலவும் வட்டியும் கழித்து வாடகையைக் கூட்டினால் 1.7 லட்சம் நிற்கும். மூலதன ஆதாய வரி 12.5% கணக்கில் ஒன்றரை லட்சம் போகும். புரோக்கர் கமிஷன், பராமரிப்பு, நீங்கள் போட்ட கைப்பணத்துக்கு வர வேண்டிய வட்டி இன்னும் கழிக்கவில்லை. ஆண்டுக்கு 5% ஏறினாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

5 ஆண்டில் விற்கும் எண்ணத்தோடு கடன் வாங்கி இந்த ஃபிளாட்டை வாங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. 10 ஆண்டு குடியிருப்பீர்கள் என்றால் கதை வேறு. அப்போது விலை ஏற்றத்தைவிட ரயில் நிலையம், பள்ளி, தண்ணீர்தான் முக்கியம். அதே சாலையில் ஆறேழு வருஷப் பழைய ஃபிளாட் கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். மாடி குறைந்த கட்டடமாக இருந்தால் அதே பணத்துக்கு யுடிஎஸ் கூடுதலாகக் கிடைக்கும். மறுவிற்பனைக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாம்பாக்கம் விஷயத்துக்கு வருவோம். பேருந்து நிலையம் திறந்தது 2023 டிசம்பர் 30. இப்படிப்பட்ட திட்டங்களில் மனை விலை பெரும்பாலும் அறிவிப்பின்போதும் வேலை நடக்கும்போதுமே ஏறிவிடுகிறது. திறந்த பிறகு ஏறுவது வாடகை. திறந்த பின் வாங்குபவர் அந்த ஏற்றத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்துவிடுகிறார். அடுத்து “மெட்ரோ வருகிறது” என்பார்கள். விமான நிலையம்–கிளாம்பாக்கம் நீட்டிப்பில் இன்னும் ரயில் ஓடவில்லை. மாதவரம், பூந்தமல்லி, சிறுசேரிப் பக்கம் வேலை நடந்த இரண்டாம் கட்ட மெட்ரோவோடு இதைச் சேர்த்துப் பேசினால் ஏற்காதீர்கள்.

தாம்பரம், கூடுவாஞ்சேரி வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலைப் பக்கம் விலையைப் பிரிக்கும் இன்னொரு கோடு வெள்ளம். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 டிசம்பரில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளி விலை குறைவாக இருந்தால், முதலில் காம்பவுண்டு சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு சுண்ணாம்பு அடித்தாலும் ஈரக்கறையாக வெளியே வரும். மின்மீட்டர் பெட்டியை இடுப்புக்கு மேல் உயர்த்தி மாட்டியிருந்தால் ஏன் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

கோவை மனை. 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி, சதுர அடி 1,837 ரூபாய் வருகிறது. சென்னைக்காரர்கள் கிரவுண்டில் யோசிப்பார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். ஒப்பிடும்போது எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிவிடுங்கள். மனையில் முழுப் பணமும் நிலம்தான், தேய்மானம் இல்லை. அதனால் ஏறும்போது நன்றாக ஏறும். ஆனால் வாடகை ஒரு பைசா வராது, பதிவுச் செலவு 9%, அதாவது 3.6 லட்சம், விற்க நினைத்த மாதத்தில் ஆள் கிடைப்பதும் நிச்சயமில்லை.

அங்கே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணையும் ரெரா எண்ணையும் கேளுங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அங்கீகாரமில்லாத மனை என்றால் வரன்முறை ஆணையை (அதை முறைப்படுத்திய உத்தரவு) பார்க்காமல் பேச்சே எடுக்காதீர்கள். சாலைகளையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரம் இசியில் வர வேண்டும். அப்புறம் ஒரு நாள் இரவு 8 மணிக்கு அந்த லேஅவுட்டுக்குப் போய், விளக்கு எரியும் வீடுகளை எண்ணுங்கள். போட்டு 8 வருஷமான 100 மனை லேஅவுட்டில் 10 வீட்டில்தான் வெளிச்சம் என்றால், அங்கே விற்பனை முதலீட்டாளருக்கும் முதலீட்டாளருக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறது. குடியேறும் மக்கள் இல்லாத இடத்தில் ஏறிய விலை, விற்க இருவர் அவசரப்பட்டால் இறங்கிவிடும். 40 வீட்டில் வெளிச்சமும் வாசலில் கோலமும் இருந்தால் நம்பி மேலே விசாரிக்கலாம்.

புரோக்கர் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்துவார். ரெரா சட்டப்படி ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் பில்டர் 10%க்கு மேல் வாங்கக் கூடாது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பரிமாறக் கூடாது, வங்கி வழியாகவே அனுப்புங்கள். 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1% வரி (டிடிஎஸ்) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு, உங்கள் விஷயத்தில் 58,000 ரூபாய். விலையைக் குறைத்துப் பத்திரம் எழுதலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். முத்திரைத்தீர்வைக்குக் கணக்கிடும் மதிப்பு, காட்டிய தொகையைவிட 10%க்கு மேல் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தை உங்கள் வருமானமாகச் சேர்த்து வரி கேட்பார்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், கட்டட நிறைவுச் சான்றின் நகலை வாங்கிவிடுங்கள். அது வந்த பிறகு விற்றால்தான் ஜிஎஸ்டி வரி கிடையாது. வராமல் “ரெடி” என்று விற்றால் 5%, அதாவது 2.9 லட்சம், பின்னால் உங்கள் தலையில் விழும்.