நாலு வாரத்துக்கு ஒரு அம்மாவா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். தமிழ்க் குடும்பம். கோவையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து அங்கேயே வேலை பார்க்கிறேன். கென்யாவில் கைக்குழந்தைகளுக்கான அநாதை இல்லம் ஒன்றில் நாலு வாரம் தொண்டு செய்ய, ஒரு ஏஜென்சி மூலம் பதிவு செய்திருக்கிறேன். கட்டணம் ஒன்றரை லட்சம், விமான டிக்கெட் தனி. இருபதாயிரம் முன்பணம் கட்டியாயிற்று. "இங்க இல்லாத குழந்தையா? அங்க போய்த்தான் தூக்கணுமா?" என்று அம்மா தினமும் சண்டை போடுகிறார். எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்பு மகளே, போக வேண்டாம். அம்மா சொல்கிற காரணத்தை நான் ஏற்கவில்லை. கென்யாவில் பிறந்தாலும் குழந்தை குழந்தைதான், அதற்காக ஒரு பெண் கடல் கடந்து போக நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. நான் தடுப்பது அந்தக் குழந்தைகளுக்காகத்தான்.

நம் வீடுகளில் ஏழெட்டு மாதக் குழந்தை வேற்று முகம் பார்க்கத் தொடங்கும். நேற்றுவரை யார் தூக்கினாலும் போன பிள்ளை, திடீரென்று சித்தப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். நாம் சிரிக்கிறோம். ஆனால் 'என் ஆள் இவர்தான்' என்று அது கண்டுகொண்டதன் அடையாளம் அது. இல்லங்களில் வளரும் பல குழந்தைகளிடம் இது தலைகீழாக இருக்கும். வாசலில் யார் வந்து நின்றாலும் இரண்டு கைகளையும் நீட்டும், போகும்போது காலைக் கட்டிக்கொள்ளும். தொண்டு செய்யப் போகிறவர்கள் மனம் உருகி, 'பார்த்தவுடனே ஒட்டிக்கொண்டது' என்று படம் போடுவார்கள். தனக்கென்று ஒருவரும் நிலையாக இல்லாததால்தான் அந்தப் பிள்ளை எல்லோரிடமும் கை நீட்டுகிறது.

ஆட்கள் போதாத இல்லத்தில் பால் கொடுப்பதைப் பாருங்கள். துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, அதன்மேல் பால் புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஆயா அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் இரண்டு கைதானே. பால் குடிக்கும்போது பார்க்க ஒரு முகம் இல்லை, அழுதால் வர ஆள் இல்லை. கொஞ்ச நாளில் குழந்தை அழுவதையே நிறுத்திவிடும். அங்கே நீங்கள் போய் நாலு வாரம் மடியில் வைத்துப் புகட்டி, உங்கள் குரலும் வாசனையும் அதற்குப் பழகிய பிறகு, பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவீர்கள். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு நாட்டிலிருந்து இன்னொருத்தி வருவாள். உங்களுக்கு அது ஒரு பிரிவு, அழுதுவிட்டுத் தேறிவிடுவீர்கள். அந்தப் பிள்ளைக்கோ ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை பிரிவு!

ருமேனியாவில் புகாரெஸ்ட் நகரத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் பல விதங்களில் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போன குழந்தைகள்தான் ஒருவரோடு உறுதியான ஒட்டுதலை வளர்த்துக்கொள்வதில் முன்னே நின்றார்கள். கைக்குழந்தைக்கு நாலு வாரம் என்பது சின்னக் காலம் இல்லை, மகளே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அநாதை இல்லம் என்று பலகை இருந்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் அநாதைகள் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க இப்படி இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக, இந்தத் துறையில் வேலை செய்யும் லூமோஸ் அமைப்பு சொல்கிறது. வறுமையாலும் நோயாலும் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகள். அப்புறம், பணம் கட்டித் தொண்டு செய்ய ஆள் வரவர, சில இடங்களில் குழந்தைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் தரகர்களும் முளைத்தார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-ல் நவீன அடிமைமுறை பற்றி வெளியிட்ட அறிக்கையில் இதையும் சேர்த்தே பேசியது. அதே 2017-ல் கென்ய அரசு புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தி வைத்தது. பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குக் கொண்டுபோக 2022-ல் பத்தாண்டுத் திட்டமும் போட்டது. அந்த நாடே இல்லங்களைக் குறைக்கப் பார்க்கும்போது, நீங்கள் கட்டும் ஒன்றரை லட்சம் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று யோசியுங்கள்.

எல்லா இல்லங்களும் மோசம் என்று நான் சொல்லவில்லை. உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல இல்லம் உங்களை இவ்வளவு எளிதில் குழந்தையின் அருகே விடாது. காவல்துறைச் சான்றிதழ் கேட்கும். சளி, அம்மை, காசநோய் எதையாவது கொண்டுவருகிறீர்களா என்று பார்க்கும். குழந்தையைத் தூக்குகிற வேலையை நிரந்தர ஆயாக்களுக்கு விட்டுவிட்டு, உங்களை அவர்களுக்குப் பயிற்சி தரவோ கணக்கு எழுதவோ சொல்லும். உங்கள் ஏஜென்சி இவற்றில் எதையாவது கேட்டதா? போன வருடம் எத்தனை குழந்தைகள் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பினார்கள் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்கிறதா? எந்த வகை அனுமதியில் போகச் சொல்கிறார்கள்? சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்வது, சம்பளமே வாங்காவிட்டாலும், பல நாடுகளில் குற்றம். நர்ஸாக ஊசி போடவோ மருந்து கொடுக்கவோ கென்ய நர்சிங் கவுன்சிலின் உரிமம் வேண்டும்.

சரி, உங்கள் ஆசையை என்ன செய்வது? அது நல்ல ஆசை, அணைத்துவிடாதீர்கள். 2013-ல் உங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. கர்ப்பிணிகளின் ரத்தசோகை, சத்துக்குறைவு, எடை குறைந்து பிறந்த பிள்ளைகள் என்றுதான் காரணங்கள் வந்தன. வேலந்தாவளம் தாண்டிக் கோவை போய், ஆனைகட்டி வழியாக மலை ஏறினால் கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே இருளர் பேசுவது தமிழோடு நெருங்கிய மொழி, தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். இரண்டும் தெரிந்த, நர்சிங் படித்த பெண் அந்த ஊர்களில் எவ்வளவு பெரிய வரம் தெரியுமா? கர்ப்பிணியின் ரத்தத்தில் இரும்புச்சத்து ஏற வைத்து, தாயும் பிள்ளையும் வீடு திரும்ப வைத்தால், ஒரு குழந்தை அநாதை ஆவதையே தடுக்கிறீர்கள். ஆனால் அங்கேயும் நாலு வாரம் என்று போகாதீர்கள். வருடக்கணக்கில் இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். கோவையில் படித்தவர் என்பதால் கேரள நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்ய வேண்டியிருக்கும், அந்த வேலையை இப்போதே தொடங்கலாம்.

பெற்றோர் இல்லாத குழந்தைகளோடுதான் இருக்க வேண்டும் என்றால், பாலக்காட்டில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தைப் பாருங்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பிள்ளையை அனுப்பும் ஏற்பாட்டில் உங்களைப் போன்றவர்கள் எப்படி உதவலாம் என்று கேளுங்கள். அம்மாவையும் கூடவே அழைத்துப் போங்கள். மகள் தூரதேசம் போய்விடுவாளோ என்ற பயம்தான் அவர் வாயில் சண்டையாக வருகிறது என்று எனக்குப் படுகிறது.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே எழுத்து மூலமாக அனுப்புங்கள், ரசீதையும் இணையுங்கள். 'திரும்பத் தர மாட்டோம்' என்று அவர்கள் சொன்னாலும், போன இருபதாயிரத்துக்காக மீதிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.