புராணப் படங்களைச் சுதேசி உணர்வோடு ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள்?

புராணப் படம் என்றால் இதிகாச, புராணக் கதைகளைத் திரையில் காட்டுவது. 1913 மே 3 அன்று பம்பாயில் வெளியான இந்தியத் திரைப்பட முன்னோடி தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' அப்படிப்பட்டது. ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் வெளிநாட்டுப் படத்தைப் பார்த்தபோதுதான், நம் ராமனும் கிருஷ்ணனும் எப்போது திரைக்கு வருவார்கள் என்ற ஏக்கம் அவருக்குப் பிறந்தது. வெள்ளையர் ஆட்சியில் அந்த ஏக்கமே ஓர் அரசியல்.

புராணக் கதையைத் தேர்ந்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. அது பேசாப் படம்; இடையில் வரும் எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களே அன்று அதிகம். தெரிந்த கதை என்றால் சிக்கலில்லை. கெட்டிமேளம் கேட்டதுமே பந்தியில் இருப்பவருக்கும் தாலி ஏறுவது புரிகிறதே, அதுபோல.

சுதேசிப் படம் என்றதும் எல்லாமே உள்ளூர்ச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம்: கேமராவை 1912இல் லண்டன் போய்த்தான் வாங்கினார், படச்சுருளும் வெளிநாட்டுடையதே.