சித்தி கடையில பாத்த வேலையை ஏன் மறைக்கணும்?

"ஆச்சி, எனக்கு ஊரு பள்ளத்தூர். பி.காம் முடிச்சிட்டு ரெண்டு வருஷமா சித்தியோட பலகாரக் கடையில இருக்கேன். இப்ப காரைக்குடில ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கும் ரெஸ்யூம் குடுக்கப் போறேன். ஸ்கில்ஸ்னு போடுற இடத்துல ஃபிரண்டோடத பாத்து 14 எழுதிருக்கேன், ஹார்ட் ஒர்க், டீம் ஒர்க், லீடர்ஷிப், எம்எஸ் ஆபீஸ், டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) இப்படி. பத்து மணி நேரம் நிக்க முடியும்னும் போட்டுருக்கேன். சித்தி கடை வேலையைப் போடல, சொந்தக்காரங்க கடைதானே, சம்பளச் சீட்டு கூட கிடையாது. எதை வைக்க, எதை எடுக்க?" - வாசகி, பள்ளத்தூர்

தங்கச்சி, உன் லெட்டர படிச்சதும் எனக்கு மனசு பதறிருச்சு, ஏன்னா இருக்கிறதுலயே பெரிய சொத்த நீ வெளிய வச்சிட்டு ஃபிரண்டுகிட்ட கடன் வாங்குன 14 வார்த்தைய உள்ள வச்சிருக்க. சம்பளச் சீட்டு இல்லைன்னா என்ன, ரெண்டு வருஷம் கல்லாவுல உக்காந்திருக்கல்ல? நம்ம ஊரு பக்கம் அந்தக் காலத்துல பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடைக்கு அனுப்புன பையங்களுக்கு பெட்டியடிப் பையன்னு பேரு, அங்கேருந்து அடுத்தாள், அதுக்கு மேல மேலாள். அந்தக் கடைங்கள்ல நெறைய உறவுக்காரங்க கடைதான், அதுக்காக யாரும் அத அனுபவம் இல்லைன்னு சொன்னதில்ல.

நான் 11 வருஷம் ஒரு ஜவுளிக்கடையில ஃப்ளோர் பாத்துக்கிட்டவ, ஆள் எடுக்கிறதும் என் பொறுப்புதான். ஹார்ட் ஒர்க்குன்னு எழுதாத ரெஸ்யூமே நான் பாத்ததில்ல, எல்லாரும் எழுதுறதால அது கண்ணுலயே படாது. ஒருநாள் ஒரு பையன் வந்தான், இன்வென்டரி மேனேஜ்மென்ட்னு பெரிய எழுத்துல போட்டுருந்தான். சரிப்பா, சிஸ்டத்துல 41 பீஸ் காட்டுது, ரேக்குல எண்ணுனா 38 இருக்கு, என்ன செய்வேன்னு கேட்டேன், பாவம் பேச்சே வரல. அதே நாள் சாயங்காலம் வந்த பொண்ணு ரெஸ்யூம்ல "அண்ணன் மளிகைக் கடையில மாசம் ஒருதடவ ஸ்டாக் எண்ணுவேன்"னு ஒரே வரி, அவகிட்டயும் இதே கேள்விதான். முதல்ல வேற ரேக்குல மாத்தி வச்சிருக்காங்களான்னு பாப்பேன், அப்புறம் டேமேஜ்ல தனியா எடுத்து வச்சது, ரிட்டர்ன் வந்தது, பில் போடாம குடுத்தது, சரக்கு வந்தப்பவே குறைச்சலா வந்துச்சான்னு இன்வாய்ஸோட ஒத்துப் பாப்பேன்னு விறுவிறுன்னு சொன்னா. அவளைத்தான் எடுத்தோம். அதனால ஒரு ஸ்கில் எழுதுறதுக்கு முன்னாடி, "இத எப்படிச் செய்வ?"ன்னு கேட்டா ரெண்டு நிமிஷம் பேச முடியுமான்னு உன்னையே கேட்டுப் பாரு, முடியலைன்னா அடிச்சிரு.

இப்ப சித்தி கடைக்கு வா. நீ அங்க என்னென்ன செய்யிறன்னு காலையில ஷட்டர் தூக்குறதுலேருந்து ராத்திரி கல்லா எண்ணுற வரைக்கும் ஒரு நோட்டுல எழுது. கல்யாண சீசன்ல மணகோலம், சீப்பு சீடை, அதிரசம் எல்லாம் முன்பணம் வாங்கி ஆர்டர் எடுத்திருப்ப, எந்தத் தேதிக்கு எத்தன கிலோன்னு குறிச்சு வச்சிருப்ப, அதுக்குப் பேரு ஆர்டர் ஃபாலோஅப். எண்ணெய்ப் பலகாரம் சிக்கு வாடை அடிச்சா போச்சுன்னு முதல்ல போட்டத முதல்ல விப்ப, சூப்பர் மார்க்கெட்டுல அதையே ஃபிஃபோன்னு சொல்லுவாங்க, எக்ஸ்பயரி பாக்குற வேலையே அதுதான். பாக்கெட் லேபிள்ல தயாரிச்ச தேதி, பேட்ச் நம்பர், நிகர எடை, எம்ஆர்பி, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸோட 14 இலக்க நம்பர் இதெல்லாம் சரியா இருக்கான்னு பாத்திருந்தா அதையும் எழுது, இது தெரிஞ்ச ஃபிரெஷர் ரொம்பக் கம்மி. க்யூஆர்ல பணம் வந்துச்சான்னு ஸ்கிரீன்ஷாட்ட நம்பாம நம்ம ஃபோன்லயோ சவுண்ட் பாக்ஸ்லயோ உறுதி பண்ணிட்டுத்தான் பொருளக் குடுக்கிறியா, அதுவும் வேலைதான்.

எழுதுற முறை ரொம்ப சிம்பிள், என்ன செஞ்ச, எவ்வளவு செஞ்ச. "கேஷ் ஹேண்ட்லிங்"னு மொட்டையா போடாம "தினமும் ராத்திரி ரொக்கம், யுபிஐ ரெண்டையும் பில்லோட ஒத்துப் பாத்து கணக்கு முடிப்பேன், 2 வருஷம்"னு போடு. "கஸ்டமர் சர்வீஸ்"க்குப் பதிலா "ஃபோன்ல ஆர்டர் எடுத்து வெளியூருக்கு கொரியர் அனுப்புவேன், உடைஞ்சு போச்சுன்னு வர்ற புகாரையும் நானே பேசி முடிப்பேன்". நம்பர் போட்டா உண்மையான நம்பரா இருக்கணும், சித்திகிட்ட ஃபோன் போட்டுக் கேட்டாலும் அதே நம்பர்தான் வரணும்.

ரெண்டு கடைக்கும் ஒரே தாள நீட்டாத, இதத்தான் ரொம்பப் பேர் கோட்டை விடுறாங்க. சூப்பர் மார்க்கெட்டுக்கு பில்லிங், ஸ்டாக், எக்ஸ்பயரி, லேபிள், கணக்கு முடிக்கிறது இதெல்லாம் மேல வரணும். ஜவுளிக்கடைக்கு பேச்சும் பொறுமையும்தான் மூலதனம், கல்யாண வீட்டுக்காரங்க பத்துப் பேரு வந்து உக்காந்து அறுபது சேலைய விரிக்கச் சொல்லிட்டு ஒண்ணும் வாங்காம எழுந்து போவாங்க, மூஞ்சி மாறாம மடிச்சு வைக்கணும். அதனால அங்க உன் கல்யாண ஆர்டர் அனுபவத்த முதல் வரியா வை, குடும்பத்தோட வர்றவங்ககிட்ட பட்ஜெட் கேட்டு அதுக்குள்ள பொருள் சொல்றது ரெண்டு இடத்துக்கும் பொதுவான வேலை. துணியப் பத்தி தெரிஞ்சத சேத்துக்க. கண்டாங்கிச் சேலைன்னா பருத்தி, கட்டம், அகலமான கரை, 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது, இவ்வளவாவது இந்த ஊருப் பொண்ணு சொல்லணும், ஆனா போய் நாலு நெசவாளர் வீட்டுல பாத்துட்டு எழுதுனா இன்னும் தெம்பா பேசலாம்.

டேலி கோர்ஸ் மட்டும் முடிச்சிருந்தா "டேலி, கோர்ஸ் முடிச்சிருக்கேன்"னு போடு, கடையில அதுல என்ட்ரி போட்டிருந்தா அதையும் சொல்லு, ரெண்டும் வேற வேற. எம்எஸ் ஆபீஸ்னு பொத்தாம்பொதுவா போடாத, எக்ஸெல்ல கூட்டல் போட்டு லிஸ்ட் பிரிக்கத் தெரிஞ்சா அத அப்படியே எழுது. இங்கிலீஷ் "புரியும், கொஞ்சம் பேசுவேன்"னு இருந்தா அதே போதும், கானாடுகாத்தான்ல செட்டிநாட்டு வீடுகளப் பாக்க வர்ற வெளிநாட்டுக்காரங்க உங்க கடைக்கு வந்து நீ அவங்களுக்குக் கவுனி அரிசி என்னன்னு புரிய வச்சிருந்தா அதவிட நல்ல சான்று இல்ல. லீடர்ஷிப்ப எடுத்துரு. ஆதார் நம்பரையும் எடுத்துரு, போட்டிருந்தா, அது ரெஸ்யூம்ல தேவையே இல்ல, தாள் யார் யார் கைக்கெல்லாம் போகும்னு நமக்குத் தெரியாது. அப்பா பேரு, சாதி, கல்யாணம் ஆச்சா ஆகலயாங்கிறதும் வேண்டாம்.

அந்தப் பத்து மணி நேரம் நிக்கிற வரி, அத கட்டாயம் எடுத்துரும்மா. அது ஸ்கில் இல்ல, உடம்ப வருத்துறது. கால் வீங்கி வீட்டுக்குப் போன பிள்ளைங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். தமிழ்நாட்டுல 2021லயே கடைச் சட்டத்தத் திருத்தி, கடையில வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் உக்கார இடம் குடுக்கணும்னு போட்டாச்சு. நீயா முன்வந்து அந்த உரிமைய எழுதிக் குடுக்காத.

சித்திகிட்ட சொல்லி கடை லெட்டர்பேடுல, இல்லைன்னா பில் புக்கு தாள்லயாவது, எப்பலேருந்து எப்ப வரைக்கும் என்ன வேலை பாத்தன்னு நாலு வரி எழுதி கையெழுத்தும் ஃபோன் நம்பரும் வாங்கிக்க, அதத்தான் சம்பளச் சீட்டுக்குப் பதிலா கூட வைக்கப் போற. ஒரு பக்கத்துக்கு மேல போகாம பாத்துக்க. ஞாயித்துக்கிழமையும் முகூர்த்த நாளுக்கு முந்தின ரெண்டு நாளும் கடைப்பக்கமே போயிராத, யாருக்கும் உன்ன நிமிந்து பாக்க நேரம் இருக்காது, செவ்வா புதன்ல காலையில பதினொரு மணிவாக்குல போ, மேனேஜர் கையிலயே குடு.