டிசம்பர் 31 வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

(இது 2020-இல் எழுதிய கேள்வி பதில். இதில் வரும் உத்தரவும் அதன் விதிகளும் 2021-இல் முடிந்துவிட்டன, இப்போது அமலில் இல்லை.)

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸில் வாடகைக்கு இருக்கிறோம். கொரோனாவில் கணவருக்கு வேலை போய்விட்டது. என் பகுதிநேரச் சம்பளம்தான் ஓடுகிறது. வாடகை 1,400 டாலர், தவறினால் மாதம் 75 டாலர் தாமதக் கட்டணம். '2020 டிசம்பர் 31 வரை யாரும் உங்களைக் காலி செய்ய வைக்க முடியாது, அக்டோபரிலிருந்து கட்டாதீர்கள்' என்கிறார் நண்பர். கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். 2020 செப்டம்பர் 4-இல் அமலுக்கு வந்த சிடிசி (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பு) உத்தரவு, வாடகை கட்ட முடியாதவர்களை வெளியேற்றுவதைத்தான் தள்ளிப்போடுகிறது. வாடகையைத் தள்ளுபடி செய்யவில்லை. மூன்று மாதம் ஒன்றுமே கட்டாவிட்டால் தாமதக் கட்டணத்தோடு 4,425 டாலர் சேரும். ஜனவரி பிறந்ததும் அது மொத்தத்தையும் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மாதம் 600 டாலராவது கொடுத்து வந்தால் பாக்கி 2,625-இல் நிற்கும்.

இன்னொன்று, நண்பருக்குத் தெரியாதது. இந்தப் பாதுகாப்பு தானாக வராது. ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெயருள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும், அதாவது உங்கள் கணவரும் தனியாக. அதில் 'முடிந்த அளவு பகுதித் தொகை கட்ட முயல்கிறேன்', 'அரசின் வாடகை உதவிக்கு முயன்றேன்' என்றெல்லாம் சத்தியம் செய்கிறீர்கள். கையில் பணம் இருந்தும் கட்டாமல் இதில் கையெழுத்திட்டால் அது பொய்ச் சத்தியம், குற்றம். வருமான வரம்பும் உண்டு: தனிநபருக்கு 99,000 டாலர், தம்பதி சேர்ந்து வரி தாக்கல் செய்தால் 1,98,000. உங்களுக்கு அது பிரச்சினையாக இருக்காது.

முதலில் 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அழைத்து உங்கள் ஊரில் என்ன வாடகை உதவி இருக்கிறது என்று கேளுங்கள். அழைத்த தேதியைக் குறித்து வையுங்கள். படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்கும் சான்று இருக்கும். அப்புறம் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அவருக்கும் வீட்டுக்கடன் தவணை இருக்கலாம். ஒன்றும் வராததைவிட 600 வருவது அவருக்கும் மேல். பேசி முடித்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

உத்தரவு இருந்தாலும் அவர் நீதிமன்றத்தில் வழக்குப் போடத் தடையில்லை. சம்மன் வந்தால் மேசையில் போட்டு வைக்காமல் குறித்த நாளில் படிவ நகலோடு ஆஜராகுங்கள். வாடகை பாக்கி தவிர வேறு ஒப்பந்த மீறலுக்கு இந்த உத்தரவு துணைக்கு வராது.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்து வாடகை கட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த வட்டிக்கு எந்த உத்தரவும் தடை போடவில்லை.