வழக்கறிஞருக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் தனிப் பயிற்சி எதற்கு?

பட்டம் பெற்று வாதாடிக்கொண்டிருப்பவருக்கு மறுபடியும் வகுப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். ஒன்றியச் சட்டம் உள்ளூர் நீதிமன்றத்திலேயே குறுக்கிடும். ஜெர்மனியிலிருந்து ரசாயனம் இறக்குமதி செய்த டச்சு நிறுவனம் சுங்கவரியை எதிர்த்த வழக்கில், ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் தரும் உரிமையைத் தனியாரும் உள்ளூர் நீதிமன்றத்தில் கோரலாம் என்று 1963-இலேயே தீர்ப்பாகிவிட்டது.

ஜெர்மனியின் டிரியர் நகரில் 1992-இல் தொடங்கப்பட்ட ஐரோப்பியச் சட்ட அகாடமி இதற்கான பயிற்சிகளை நடத்துகிறது.

என்னைக் கேட்டால், ஐரோப்பிய ஒன்றியச் செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 267-ஆம் பிரிவின்படி, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு ஒன்றியச் சட்டம் பற்றிக் கேள்வி எழுதப் பழகுவதுதான் முக்கியம். அனுப்புபவர் உள்நாட்டு நீதிபதி, வாசகத்தை வழக்கறிஞர் முன்மொழியலாம். ‘எங்கள் நாட்டுச் சட்டம் செல்லுமா?’ என்று கேட்கக் கூடாது. அதைத் தீர்மானிப்பது அந்த நீதிமன்றத்தின் வேலையல்ல. ‘இந்த ஒன்றிய விதி, இப்படிப்பட்ட உள்நாட்டுச் சட்டத்துக்கு இடம் தருகிறதா?’ என்று கேட்க வேண்டும். புத்தகத்தைப் படித்தால் மட்டும் இது கைவராது. எழுதி, திருத்தம் வாங்கித்தான் பழக வேண்டும்.