அத்தையின் குரலை வெட்டாதீர்கள்

வணக்கம் சார்,

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகன் நைரோபியில் இருக்கிறான். போன ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரரும் 81 வயது மாமியாரும் அவனிடம் போய், எல்லோருமாக மசாய் மாராவில் மூன்று நாள் சஃபாரி போய் வந்தோம். போனிலும் ஒரு சின்ன கேமராவிலுமாக 9 மணி நேரத்துக்கு வீடியோ எடுத்திருந்தோம். அக்கா மகன் அதை 42 நிமிடமாக வெட்டிக் கொடுத்தான். மற்ற வண்டிகள் தெரியும் இடங்களை எடுத்துவிட்டு, பின்னணி இசை போட்டு, டிவியில் வருவது போலவே செய்திருக்கிறான். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். குழுவில் 63 பேர். நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

42 நிமிடம் அதிகமா? எந்த சாஃப்ட்வேரில் சுருக்கலாம்? யூடியூபில் போடலாமா? முக்கியமாக ஒன்று. மாரா ஆற்றை வில்டபீஸ்ட் கூட்டம் கடப்பது 11 நிமிடம் ஒரே ஓட்டமாகக் கிடைத்தது. ஆனால் அத்தை பேசிக்கொண்டே இருக்கிறார். "இது மாடா குதிரையா, மிச்சம் மீதியெல்லாம் சேத்துச் செஞ்ச மாதிரி இருக்கே" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இப்போதைக்கு இசையைப் போட்டு மறைத்திருக்கிறோம். அவர் குரலை மட்டும் எடுத்துவிட்டு விலங்குகளின் சத்தத்தை வைத்துக்கொள்ள வழி உண்டா?

பெயர் வேண்டாம்.

---

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வழி உண்டு. பேச்சைத் தனியாகவும் மற்ற சத்தத்தைத் தனியாகவும் பிரிக்கும் செயலிகள் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. செய்யாதீர்கள்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக. எந்த சாஃப்ட்வேர் என்பது ஒரு விஷயமே இல்லை, உங்கள் அக்கா மகனுக்குக் கை பழகியது எதுவோ அது. யூடியூபில் போட்டால் லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி போடுங்கள், வீட்டு மனிதர்களின் முகங்கள் இருக்கின்றன. சினிமா இசை சேர்த்திருந்தால் அங்கே உள்ள தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து, சில நேரம் சத்தத்தையே அடைத்துவிடும். 42 நிமிடம் அதிகமா என்றால், அது அந்த 42 நிமிடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இனி நான் சொல்ல நினைப்பதைச் சொல்கிறேன்.

போன மாதம் மஞ்சக்குப்பம் வீட்டில் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ கேசட் கையில் வந்தது. அன்றிலிருந்து அதே நினைப்பாக இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

என் சித்தப்பா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. பிரான்சிலேயே தங்கிவிட்டவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். 1993 மே மாதம் வந்தபோது தோளில் ஒரு வீடியோ கேமரா. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அதுவரை திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. அவளையும் சேர்த்து பதினோரு பேரை ஒரு மெட்டாடோர் வேனில் ஏற்றிக்கொண்டு முதுமலைக்குப் போனார். தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் காட்டுக்குள் போனோம். ஒரு வளைவில் யானைகள், நடுவில் ஒரு குட்டி. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டார். யாரும் மூச்சு விடவில்லை. ஆயா மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டியோடு பேச ஆரம்பித்தாள். அப்பா கையைக் காட்டி அடக்கப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. ஏறக்குறைய நாலு நிமிடம் பேசினாள். சித்தப்பா கேமராவை யானைகளிடமிருந்து திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

கடலூருக்குத் திரும்பி வந்து டெக் வாடகைக்கு எடுத்துப் போட்டோம். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. எல்லோருக்கும் ஏமாற்றம். பிரான்சில் அப்போது வீடியோவுக்கு 'செகாம்' என்ற முறை, இந்தியாவில் 'பால்' என்ற முறை. இரண்டிலும் படத்துக்கு 625 வரிகள், வினாடிக்கு 25 படங்கள். நிறத்தைப் பதியும் விதம் மட்டும் வேறு. அதனால் அந்த ஊர் கேசட்டை நம் டெக்கில் போட்டால் காட்சி தெரியும், நிறம் தெரியாது. ஆனால் சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. பச்சையே இல்லாத ஒரு காடு, அதில் கணீரென்று ஆயாவின் குரல். தெருவில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஆயா பேசும் இடம் வந்தால் "இன்னொரு வாட்டி போடு" என்று கேட்டார்கள். அந்தக் கூடத்தில் யானையைப் பற்றி யாரும் பேசவில்லை.

2004இல் அந்தக் கேசட்டை சி.டி.யாக மாற்ற ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அவர்களிடம் எல்லா முறையையும் ஓட்டும் டெக் இருந்தது. நிறம் வந்துவிட்டது. பதினோரு வருடம் கழித்து முதல்முறையாகக் காட்டைப் பச்சையாகப் பார்த்தேன். ஆயாவின் புடவை அரக்கு நிறம். மகிழ்ச்சியில் கேட்டுக்கொண்டே வந்தபோதுதான் தெரிந்தது, முழுக்கப் பாட்டு போட்டிருந்தார்கள். "ஒரே இரைச்சலா இருந்துச்சு சார், அதான் நீட்டா பண்ணிட்டோம்" என்றார் கடைப் பையன். அவனைக் கோபித்து என்ன பயன், நான்தான் "நல்லா பண்ணிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவன். மூலக் கேசட் இருக்கிறதே என்று நினைத்தேன். டிரங்குப் பெட்டியில் போட்டேன். 2007இல் ஆயா போய்ச் சேர்ந்தாள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரிக் காடும் வேரோடு சாய்ந்த அன்று எங்கள் வீட்டு ஓடும் போயிற்று. பெட்டிக்குள் தண்ணீர். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் கேசட்டை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? பல மாதம் கழித்துத் திறந்தபோது நாடா முழுக்கப் பூஞ்சை. பிரித்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டி, மேல் பூச்சு உரிந்து வந்தது. காந்தப் பூச்சில்தான் படமும் குரலும் இருக்கின்றன. அது உரிந்தால் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக்.

இப்போது போட்டுப் பார்க்க முடிவது சி.டி. மட்டும். நல்ல நிறம். ஆயாவின் உதடுகள் அசைகின்றன. மேலே பாட்டு ஓடுகிறது.

அதனால்தான் அம்மா, "அத்தை குரலை எடுத்துவிட்டு" என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் வந்தது.

"விலங்குகளின் சத்தத்தை வைத்துக்கொள்ள" என்று எழுதியிருக்கிறீர்கள். டிவியில் கேட்டுப் பழகிவிட்டோம், அதனால் வரும் ஆசை இது. அந்தப் படங்களில் சிங்கம் புல்லை மிதிக்கும் ஓசையும் மான் நீர் குடிக்கும் ஓசையும் பெரும்பாலும் பிறகு ஸ்டூடியோவில் உண்டாக்கிச் சேர்த்தவை. பெரிய லென்ஸ் அரை கிலோமீட்டர் தூரத்தைக் கிட்டே இழுத்துவிடும், மைக் அப்படி இழுக்காது. பனியில் நடக்கும் காலடி ஓசைக்குச் சோளமாவு நிரப்பிய பையைக் கையால் அமுக்கிப் பதிவார்கள். அது அவர்கள் தொழில், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் 9 மணி நேரத்தில் இருக்கும் சத்தம் அந்த இடத்தில், அந்த நேரத்தில் உண்டானது. காற்று மைக்கில் மோதும் கரகரப்பு, வண்டி ரேடியோவில் ஓட்டுநர்கள் ஸ்வாஹிலியில் பேசிக்கொள்வது, 'சிம்பா' என்று ஒருவர் சொன்னதும் உங்கள் மகன் "சிங்கமாம்மா!" என்பது, கரையில் நிற்கும் வண்டிகளில் யாரோ கத்துவது. இதையெல்லாம் துடைத்துவிட்டு டிவி மாதிரி செய்தால், டிவியில் இதைவிட நன்றாகப் பார்த்தவர்கள் ஏன் உங்களுடையதைப் பார்க்க வேண்டும்? 63 பேரைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் அவர்களுக்கு அனுப்பியதில் நீங்களே இல்லை.

மற்ற வண்டிகளை வெட்டியதையும் நான் ஒப்பமாட்டேன். ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றின் கரையில் கடப்பு நேரத்தில் வண்டிகள் மொய்க்கும், அது உண்மை. அதை மறைத்துவிட்டு நீங்கள் மட்டும் தனியாக நின்றது போலக் காட்டினால், பத்து வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் அதை நம்புவார்கள்.

யானைகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1984இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் போர்ட்லாந்து விலங்குக்காட்சி சாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது காதில் ஒன்றும் கேட்காமல் காற்றில் ஒரு அதிர்வை மட்டும் உணர்ந்தார். பிறகு ஒலியைப் பதிந்து, நாடாவை வேகமாக ஓட்டிக் கேட்டார். யானைகள் பேசிக்கொண்டிருந்தன. வினாடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே போனால் நம் காதுக்கு எட்டாது, யானைகள் அங்கேதான் தங்களுக்குள் நிறையப் பேசிக்கொள்கின்றன. பல கிலோமீட்டர் தாண்டியும் அது போகும். முதுமலையில் அன்று ஆயா மட்டும் பேசியதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அந்த நாலு நிமிடமும் யானைகளும் ஏதாவது பேசியிருக்கலாம். அது எந்த கேசட்டிலும் ஏறியிருக்காது, உங்கள் போனிலும் ஏறாது. கிடைக்காதது கிடைக்காது. கிடைத்ததை ஏன் கையால் அழிக்க வேண்டும்?

உங்கள் அத்தை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். வில்டபீஸ்ட் மான் இனம் என்றாலும் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயரே டச்சுக்காரர்கள் காட்டு மாடு என்ற பொருளில் வைத்தது. 81 வயதில், முதல் பார்வையில், ஒரு புத்தகமும் படிக்காமல் அவர் மாட்டில் வந்து நின்றிருக்கிறார்.

சஃபாரி என்பது ஸ்வாஹிலியில் பயணம் என்று பொருள்படும் சொல். அரபியில் உள்ள 'சஃபர்' அதற்கு மூலம். நம் பரங்கிப்பேட்டையில் வெளிநாடு போவதைச் 'சபர்' என்றும் போனவரைச் 'சபராளி' என்றும் சொல்வார்கள். 80களில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதற்குப் பதில் கேசட்டில் பேசிப் பதிந்து ஊருக்கு அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்பார்கள், பதிலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பேசி அனுப்புவார்கள். பின்னால் சேவல் கூவுவதும் பாத்திரம் விழுவதும் சேர்ந்தே பதிவாகும். துபாயில் இருப்பவர் அந்தச் சேவலுக்காகவே திருப்பிப் போட்டுக் கேட்பார். அதில் பின்னணி இசை போட யாருக்கும் தோன்றவில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முதலில் அந்த 9 மணி நேரம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே அக்கா மகனைக் கேளுங்கள். போனில் இடம் இல்லை என்று அழித்திருக்கப் போகிறான். இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை உங்கள் வீட்டிலும் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் ஒருவர் வீட்டிலும் வையுங்கள். கடலோரம் இருக்கிறோம். வாட்ஸப்பில் போனதை மூலம் என்று நினைக்காதீர்கள், அது சுருக்கப்பட்டது.

அப்புறம் அந்த 11 நிமிடத்தை வெட்டாமல், இசை இல்லாமல் தனியாக எடுங்கள். காற்றின் கரகரப்பு அதிகமாக இருந்தால் அடி ஒலியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். குழுவில் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், டிவியில் போடுங்கள், அத்தையை முன்னால் உட்காரவையுங்கள். அவர் மறுபடி பேசுவார். அப்போது யாராவது ஒருவர் போனை மேசையில் வைத்துப் பதிந்துகொள்ளட்டும். கடலூரிலிருந்து உங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள்தான். கூப்பிட்டால் நானும் வருவேன்.

அதுவரை ஒரு உதவி. ஆயா அந்த யானைக்குட்டியிடம் நாலு நிமிடம் பேசினாள். "பயப்படாத கண்ணு, நாங்க பாத்துட்டுப் போயிடுவோம்" என்ற ஒரு வரிதான் எனக்கு நினைவிருக்கிறது. மற்றதை யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் அத்தை 11 நிமிடம் பேசியதில் நீங்களும் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தையும் கேட்டு எழுதி அனுப்புங்கள்.