ஸ்டெப்பியில் காடு இருந்ததா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

உக்ரைனின் ஸ்டெப்பிச் சமவெளி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கோதுமை வயல்களின் ஓரத்தில் வரிசையாக மரங்கள் நிற்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அப்படியென்றால் அது கோதுமைக்காக அழிக்கப்பட்ட காடுதானே? திரும்ப மரம் நட்டால் பழையபடி ஆகாதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நேர் தலைகீழ். ஸ்டெப்பி என்பதே பெரும்பாலும் மரமில்லாத பரந்த புல்வெளி. அங்கே மரங்கள்தான் புதுசு, போனது புல். ஆற்றோரங்களிலும் ஓடைப் பள்ளங்களிலும் இருந்த மரங்களை வெட்டினார்கள், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

மண்ணைப் பாருங்கள். செர்னோசெம் என்னும் அந்தக் கறுப்பு மண் சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்வரை போகிறது. பல ஆயிரம் ஆண்டுகளாகப் புல்வேர்கள் மட்கிச் சேர்ந்த கறுப்பு அது. காட்டில் சருகு மேலோடு மட்கிவிடும், இவ்வளவு ஆழம் இறங்காது. (நம் கரிசல் வேறு. அதில் மட்கு குறைவு, களி அதிகம்.)

1783ல் கிரிமியக் கான் அரசு ரஷ்யாவின் கைக்குப் போகும்வரை தெற்கு ஸ்டெப்பி பெரும்பாலும் நொகாய் என்ற நாடோடி மக்களின் மேய்ச்சல் நிலம். பிறகு குடியேறிகள் வந்தார்கள். கம்பளிக்கான மெரினோ ஆடுகள் வந்தன, அப்புறம் ஒதெசா துறைமுகத்தை நம்பிக் கோதுமை. கலப்பை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 1891ல் வறட்சி, பஞ்சம். மறுவருடம் மண்ணியலாளர் டொக்குசாயேவ் ரஷ்யாவின் கமென்னயா ஸ்டெப்பியில் காற்றைத் தடுக்க மரவரிசை நடும் சோதனையைத் தொடங்கினார். 1948ல் ஸ்டாலின் அதையே மாபெரும் திட்டமாக அறிவித்தார். நீங்கள் கேட்கும் மரங்கள் இந்த வழியில் வந்தவை.

புல் எங்கே மிஞ்சியது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். குர்கான் என்ற பழைய புதைமேடுகளில்! சரிவு செங்குத்தாக இருந்ததால் பல மேடுகளில் ஏர் ஏறவில்லை. சுற்றிலும் கோதுமை, நடுவே ஒரு மேடு, அதன்மேல் இறகுப்புல். அதன் விதைக்கு நீண்ட வால் உண்டு. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அப்படித் திருகித் திருகி விதை மண்ணுக்குள் இறங்கிவிடும். நம்மூர் ஊசிப்புல் வேட்டியில் ஏறுமே, அதே வித்தைதான்.

சரி, வேலி போட்டுக் காப்பாற்றலாமே என்பீர்கள். தெற்கே அஸ்கானியா நோவாவில் 1898ல் ஃபால்ஸ்-ஃபைன் என்ற நிலக்கிழார் உழாத நிலத்தை ஒதுக்கினார். ஆனால் மேய்ச்சல் இல்லாத ஸ்டெப்பியில் காய்ந்த புல் அப்படியே படிந்து புதுத் தளிரை மூடிவிடும். குளம்பு மிதிக்க வேண்டும், வாய் கடிக்க வேண்டும். அங்கே திரிந்த டார்பன் காட்டுக்குதிரைகளோ 19ஆம் நூற்றாண்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டன.

ஆகவே மரம் வேண்டாம். மேட்டுப் புல்லின் விதையை உழவு நின்ற வயலில் தூவலாம். மேய்க்க நாலு குதிரையும் வேண்டும்.